மிச்சம் வைக்காத கரையான்

ஒரு காட்டில் ஒரு காட்டெருமை மேய்ந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. அதன் வயிற்றுக்குள் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருந்தன. அவற்றிலும் ஒன்றைத் தவிர மற்றவற்றோடு நமக்குப் பேச்சு இல்லை. அந்த ஒன்றுக்குள்தான் இந்தக் கதை முழுவதும் நடக்கிறது. நீதிக்கதை என்றால் சிங்கம் வேண்டும், நரி வேண்டும், நடுவில் ஒரு ஆலமரம் வேண்டும் என்று கேட்பவர்கள் இப்போதே வேறு பக்கம் புரட்டிவிடலாம். இடம் சின்னது. சிங்கம் கொள்ளாது.

ஆனால் பேசும் விலங்குகள் உண்டு. ஒரு பாக்டீரியாவுக்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள் வேலை பார்க்கின்றன. விஞ்ஞானிகள் அவற்றுக்கு வைத்திருக்கும் பெயர்களைப் படித்தால் லாரியின் பின்பக்கம் பார்த்த மாதிரி இருக்கிறது, அவ்வளவும் எழுத்தும் எண்ணும். அப்படிப் பெயர் வைத்தால் யாருக்கும் யார்மேலும் பிரியம் வராது. அதனால் நான் அவற்றை வெட்டுக்கிளி, நண்டு, ஆடு, கரையான் என்றே சொல்லப்போகிறேன். அவை செய்கிற வேலைக்கும் அதுதான் பொருத்தம்.

அந்தப் பாக்டீரியாவை ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரைச் சுற்றி ஒரு சுவர். செங்கல் சுவர் அல்ல, எண்ணெய்ச் சுவர். தண்ணீரும் உப்பும் அதன் வழியாக இஷ்டத்துக்கு உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. அந்தச் சுவர் கிழிந்தால் ஊர் அவ்வளவுதான்.

ஊருக்குச் சோறு போட்டவை வெட்டுக்கிளிகள். அவை உள்ளே பிறந்து வெளியே வேலை பார்ப்பவை. எருமையின் வயிற்றில் மிதக்கும் புல்லைத் துண்டு துண்டாக நறுக்கினால்தான் ஊருக்குள் ஆகாரம் வரும். வெளியே போவதற்கு ஒரே ஒரு வாசல். எல்லோரையும் விட மாட்டார்கள். அதனால் வெளியே போகவேண்டிய ஒவ்வொரு வெட்டுக்கிளிக்கும் பிறக்கும்போதே நெற்றியில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். ‘இவருக்கு வெளியூர் வேலை’ என்று அதற்கு அர்த்தம். சீட்டைப் பார்த்ததும் வாசல் திறக்கும். வாசலோ நூல் நுழையும் அகலம்தான். கைகாலை மடக்காமல், உடம்பை நீட்டிக்கொண்டு, கோவில் கூட்டத்தில் நுழைவது போல நுழைய வேண்டும்.

வெளிப்பக்கம் ஒரு நண்டு உட்கார்ந்திருந்தது. பெயர் சூசை. வெட்டுக்கிளி தலையை நீட்டியதும் நண்டு தன் இடுக்கியால் சீட்டை மட்டும் ‘சடக்’ என்று நறுக்கிவிடும். வெட்டுக்கிளி துள்ளிக் குதித்து, கைகாலை மடக்கி ஒழுங்காக ஒரு வெட்டுக்கிளியாகி, புல்லைப் பார்க்கப் போய்விடும். திரும்பியே பார்க்காது.

சீட்டு? அது எண்ணெய்ப் பிசுக்குள்ள சீட்டு. சுவரிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை என்ன செய்வது என்று யாரும் யோசிப்பதில்லை. கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தபிறகு பத்திரிகையை எங்கே வைத்தோம் என்று யாராவது தேடுகிறோமா?

அதை யோசிப்பதற்கென்றே இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று இருளப்பன் என்ற கரையான். அது சுவருக்குள்ளேயே, எண்ணெய்க்கு நடுவிலேயே குடியிருந்தது. சீட்டு எவ்வளவு ஆழத்தில் சிக்கியிருந்தாலும் அங்கே போய் நடுவில் கடித்துத் துண்டாக்கும். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் சீட்டைக் கடித்து அறுக்கத் தண்ணீர் வேண்டும், சுற்றிலும் இருப்பதோ எண்ணெய். எனவே இருளப்பன் எப்போதும் ஒரு சொட்டுத் தண்ணீரை வாயில் அடக்கிக்கொண்டே வேலை பார்த்தது. அதனால் அதிகம் பேசாது. இன்னொன்று செல்லக்கிளி என்ற ஆடு. அது சுவரின் வெளிப்பக்கம் முகத்தைப் பதித்து நின்று, கரையான் கடித்துத் தள்ளும் துண்டுகளைப் பிடித்து இழுத்து மெல்லும். நாலு அறை வயிறு. பஸ் ஸ்டாண்டில் சுவரொட்டி தின்னும் ஆடுகளைப் பார்த்திருப்பீர்களே, அதே லட்சணம்தான். தின்று முடித்து அது போடும் புழுக்கைகள் ஊருக்குள் போய் மணிகளாகும். அந்த மணிகளைக் கோத்துத்தான் புது வெட்டுக்கிளிகள் செய்வார்கள்.

அந்த ஊரில் எல்லோருமே மணி கோத்துச் செய்யப்பட்டவர்கள்தான். யாரை எப்படிக் கோக்க வேண்டும் என்று ஊர் நடுவில் ஒரு பெரிய புத்தகம் இருந்தது. பக்கத்திலேயே ஓர் உரலும் இருந்தது. உபயோகமில்லை என்று முடிவு செய்யப்பட்டவர்களை அதில் போட்டு இடித்து, மணிமணியாக உதிர்த்து, வேறு யாரையாவது கோத்துவிடுவார்கள். யாருக்கும் அதைப் பற்றிப் பேசப் பிடிக்காது. உரல் பக்கம் போகும்போது எல்லோரும் கொஞ்சம் வேகமாக நடப்பார்கள்.

ஒரு சமயம் எருமை பாறைச் சரிவில் மேயப் போய்விட்டது. புல் குறைந்தது. புல் குறைந்ததால் மணி குறைந்தது. இருப்பது குறைந்தால் எந்த ஊரிலும் முதலில் என்ன செய்வார்கள்? மிச்சமிருந்த மணியில் ஒரு பெரிய குவியலை எடுத்து, ஓர் ஆள்குறைப்பு அலுவலரைக் கோத்தார்கள்.

அவர் ஓர் ஓணான். பெயர் தணிகாசலம். மற்றவர்களையெல்லாம் ‘அது’ என்று சொல்லிவிட்டு இவரை மட்டும் ‘அவர்’ என்கிறேனே என்று பார்க்காதீர்கள். அலுவலரை ‘அது’ என்று எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. எனக்கும் ரேஷன் கார்டில் பெயர் திருத்த வேண்டியிருக்கிறது.

ஓணான் என்பதால் தணிகாசலம் எப்போதும் தலையாட்டிக்கொண்டே இருப்பார். மனு கொடுத்தவர்கள் காரியம் ஆகிவிட்டது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். பிறகுதான் ‘கோரிக்கை நிராகரிக்கப்பட்டது’ என்று கடிதம் வரும்.

வந்த வேகத்தில் அவர் எல்லோருக்கும் பணிச் சான்றுப் படிவம் கொடுத்தார். மூன்று பிரதிகள். பெயர், பிறந்த பக்கம், கோத்த மணிகளின் எண்ணிக்கை என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த படிவத்தில் ஒன்பதாவதாக ஒரு வரி இருந்தது: ‘செய்து முடித்த பணியின் மாதிரி ஒன்றை இணைக்கவும். மாதிரி இணைக்கப்படாத விண்ணப்பதாரர் உரலுக்குப் பரிந்துரைக்கப்படுவார்.’

வெட்டுக்கிளிகளின் படிவத்தோடு, அவை வெளியே நறுக்கி ஊருக்குள் வந்த புல்லை இணைத்தார்கள். ஒப்புதல் கிடைத்தது. நண்டு சூசை தான் வெட்டிய ஒரு சீட்டை, ஆடு வாயில் போடுமுன் பிடுங்கிக்கொண்டு வந்து இணைத்தது. அதற்கும் ஒப்புதல் கிடைத்தது. வெட்டு நேராக இருக்கிறது என்று ஓணான் பாராட்டக்கூடச் செய்தார்.

அடுத்து ஆடு வந்தது.

“உங்கள் பணி?”

“சீட்டுத் திங்கிறதுங்க சார்.”

“மாதிரி?”

ஆடு ஒரு காலித் தட்டை நீட்டியது. ஓணான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதில் ஒன்றும் இல்லையே.”

“அதாங்க சார் வேலை. ஒண்ணும் இல்லாம ஆக்குறது.”

“ஒன்றும் இல்லாததை எப்படிக் கோப்பில் வைப்பது?”

ஆடு யோசித்தது. பிறகு பின்பக்கம் திரும்பி, கொஞ்ச நேரம் மும்முரமாக நின்று, நான்கு புழுக்கைகளைத் தட்டில் போட்டு மறுபடி நீட்டியது. “இது நாலும் முன்னாடி சீட்டா இருந்ததுங்க சார்” என்றது.

ஓணான் மூக்கைப் பொத்திக்கொண்டார். “அதற்கு என்ன ஆதாரம்?”

“நான்தாங்க தின்னேன்.”

“தின்றதற்கு ஆதாரம்?”

“அதாங்க தட்டுல இருக்கு.”

“இது சீட்டு என்பதற்கு ஆதாரம் கேட்டேன். சீட்டாக இருக்கும்போதே கொண்டு வந்திருக்க வேண்டும்.”

“சீட்டாவே கொண்டு வந்தா நான் திங்கலைன்னு ஆயிருமே சார்?”

ஓணான் தலையாட்டினார். ஆட்டுக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் பேனா ‘மாதிரி இல்லை’ என்றுதான் எழுதியது. கரையானின் பெயருக்கு நேராக ‘நேரில் ஆஜராகவில்லை’ என்று எழுதினார். எண்ணெயை விட்டு வெளியே வந்தால் இருளப்பனுக்கு உடம்பு சுருண்டுவிடும் என்று ஆடு சொல்லிப் பார்த்தது. அதற்கு மருத்துவச் சான்று வேண்டும் என்றார்.

“சார், நீங்களே ஒரு நடை சுவருக்கு வந்து பாருங்க. பார்த்தா உங்களுக்கே தெரியும்” என்று ஆடு கெஞ்சியது. அப்படிக் கூப்பிட்டதுதான் அது செய்த தவறு.

ஓணான் வந்து பார்த்தார். சுவர் பளபள என்று இருந்தது. முகம் பார்த்துத் தலை வாரலாம். ஒரு சீட்டு இல்லை, ஒரு துணுக்கு இல்லை. சுவருக்குள்ளிருந்து இருளப்பன் அலுவலருக்கு வணக்கம் வைத்தது. வாயில் தண்ணீர் இருந்ததால் சத்தம் வரவில்லை.

“குப்பை எங்கே?” என்றார் ஓணான்.

“இல்லைங்க சார்” என்றது ஆடு பெருமையாக.

“குப்பையே இல்லாத இடத்தில் துப்புரவுக்கு இரண்டு ஆளா? இது யாருடைய ஏற்பாடு?”

ஆடு பளபளக்கும் சுவரையே மறுபடி காட்டியது. எனக்கும் இந்த இடத்தில் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. எங்கள் தெருவில் சாக்கடை அடைக்காத வருஷங்களில் அதைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர் இருக்கிறார் என்றே நாங்கள் நினைத்தது கிடையாது.

ஓணான் அங்கேயே உத்தரவு எழுதினார். அடுத்த ஆய்வு வரை ஆடும் கரையானும் எந்தச் சீட்டையும் தொடக்கூடாது. அவர்கள் வேலை செய்யாமலேயே சுவர் இப்படி இருந்தால், இருவரும் தேவையில்லை என்று முடிவாகும். உரல் தயாராக இருக்கும்.

அவர் போனதும் ஆடு சுவரில் வாய் வைத்துச் சொன்னது: “அண்ணே, இது நல்லதுக்குத்தான். நம்ம கை வைக்கலைன்னா என்னாகும்னு அந்தாளு பார்க்கட்டும். அப்ப தெரியும் நம்ம அருமை.”

இருளப்பன் தண்ணீரை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, “அது வரைக்கும் சுவரு தாங்கணுமே தாயி” என்றது.

அந்த ஊரில் இருபது நிமிஷம் ஒரு தலைமுறை. ஒரு நிமிஷம் நமக்கு ஒரு வருஷம் மாதிரி. முதல் அரை நிமிஷத்தில் சுவரில் நூறு சீட்டு ஒட்டியது. யாரும் கவனிக்கவில்லை. ஒரு நிமிஷத்தில் ஆயிரம். எண்ணெய்க்குள் சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திட்டுத் திட்டாக நின்றன. சில சீட்டுகள் நழுவிப் போய் நண்டின் இடுக்கிக்குள் மாட்டிக்கொண்டன. வெட்டியதையே திரும்பத் திரும்ப வெட்டப் பார்த்து, நண்டுக்குக் கை மரத்துப்போனது.

“ஏ செல்லக்கிளி, இதைக் கொஞ்சம் எடுத்து விடேன்!” என்று சூசை கத்தியது.

“உத்தரவு இல்லண்ணே” என்றது ஆடு. சொல்லும்போது அதன் வாயில் எச்சில் ஊறியது.

வாசல் அடைத்தது. உள்ளே வெட்டுக்கிளிகள் நீட்டிய உடம்போடு வரிசையில் நின்றன. வெகுநேரம் நீட்டிக்கொண்டே நிற்க முடியாமல் சில அங்கேயே மடங்கிச் சுருண்டன. ஒருமுறை சுருண்டுவிட்டால் வாசலுக்குள் நுழைய முடியாது. அவற்றை உரலுக்குத்தான் அனுப்ப வேண்டும். “எவ்வளவு நேரம் சார் நிக்கிறது?” என்று முன்னால் நின்ற வெட்டுக்கிளி அழாக்குறையாகக் கேட்டது.

ஓணான் உடனே நடவடிக்கை எடுத்தார். வரிசையில் ஒழுங்கு இல்லாததுதான் பிரச்சினை என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு வெட்டுக்கிளிக்கும் வரிசை எண் எழுதிய இன்னொரு சீட்டை, முதல் சீட்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டச் சொன்னார். இப்போது ஒரு வெட்டுக்கிளி வெளியேறினால் சுவரில் இரண்டு சீட்டு மிஞ்சியது. அவர் அதை ‘சீரமைப்பு’ என்று குறித்துக்கொண்டார்.

புல் வருவது நின்றது. ஊர் பட்டினி கிடந்தது. சுவர் பல இடங்களில் தொய்ந்து, மெல்லிதாகி, வெளியிலிருந்து உப்புத் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. இருளப்பன் கசியும் இடங்களில் தன் முதுகை வைத்து அடைத்துக்கொண்டு கிடந்தது. ஆட்டுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும், “இன்னும் கொஞ்சம் பொறுண்ணே, அந்தாளு வந்து ஒரு தடவை பார்த்துட்டுப் போகட்டும்” என்றது.

ஓணான் வந்தார். வழக்கமான நீதிக்கதையாக இருந்தால், இங்கே அவர் கண்கலங்கி, ‘உங்கள் அருமை தெரியாமல் போய்விட்டதே’ என்று மன்னிப்புக் கேட்டிருப்பார். நானும் நீதியை எழுதிவிட்டுத் தூங்கப் போயிருப்பேன்.

அவர் குவியலைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“அட! இவ்வளவு வேலை இருக்கிறதா இங்கே? முன்பு வந்தபோது ஏன் காட்டவில்லை?” என்றார். “இப்படி இருந்தால்தானே ஒரு பிரிவை வைத்துக்கொள்ள முடியும். இரண்டு பணியிடங்களையும் அனுமதிக்கிறேன். உரல் ரத்து.”

ஆடு சந்தோஷத்தில் துள்ளியது.

“ஆனால் ஒன்று. ஆளுக்கு மூன்று மாதிரி வேண்டும். நான் போய் முத்திரை எடுத்து வருகிறேன். திரும்பி வரும்போது உங்கள் இடத்தில் மூன்று, கரையான் இடத்தில் மூன்று சீட்டு நான் எண்ணிப் பார்க்கும்படி இருக்க வேண்டும். இல்லாதவர் பழையபடி உரலுக்கு.”

சுவருக்குள்ளிருந்து இருளப்பன் தண்ணீரை விழுங்கிவிட்டுக் கத்தியது: “சார்! சுவரு கிழியுது சார்! இப்பவே கடிக்கட்டுமா?”

ஓணான் தலையாட்டிக்கொண்டே போய்விட்டார்.

“சரின்னுட்டாரு” என்றது இருளப்பன்.

“அண்ணே, அது சம்மதம் இல்லண்ணே. அவரு சும்மாவே ஆட்டுவாரு.”

“ஆட்டினாரா இல்லையா?”

“ஆட்டினாரு...”

“அது போதும். வா, தின்னு. இன்னும் கால் நிமிஷம் விட்டா ஊரே இருக்காது. முத்திரையை எதுல குத்துவாரு?”

இருளப்பன் புது வாய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு எண்ணெய்க்குள் பாய்ந்தது. ஆழத்தில் சிக்கியிருந்த சீட்டுகளை நடுவில் கடித்தது, தள்ளியது, அடுத்ததற்குப் போனது. ஆடு ஒரு கணம் நின்றது. சுவர் கிழியும் சத்தம் அதற்கும் கேட்டது. பிறகு அதுவும் முகத்தைப் பதித்து இழுத்து மெல்லத் தொடங்கியது. இரண்டு பேரும் அப்படி வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. பார்க்கவும் யாரும் இல்லை. திட்டுகள் கரைந்தன, கசிவு நின்றது. நண்டின் இடுக்கி ‘சடக்’ என்று மறுபடி பேசியது. வெட்டுக்கிளிகள் ஒன்றன்பின் ஒன்றாக நூல் மாதிரி நுழைந்து, வெளியே குதித்து, புல்லைப் பார்த்து ஓடின. வழக்கம்போல ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. ஊருக்குள் முதல் புல் துண்டு வந்து விழுந்தபோது கேட்ட ஆரவாரம் சுவர் வரைக்கும் கேட்டது.

ஆடு மட்டும் ஏழு சீட்டுகளைத் தின்னாமல் குளம்புக்கடியில் அமுக்கி வைத்துக்கொண்டது.

“அண்ணே, உன் பக்கம் ஒரு மூணு விட்டு வையி” என்றது.

“விட்டு வைக்கவா? எதுக்கு?”

“எண்ணிக் காட்டணும்ல.”

“கடிச்சா முழுசாக் கடிக்கணும். மூணை விட்டு வச்சா அது என்ன வேலை தாயி?” என்றது இருளப்பன். அதற்குக் கோபம்கூட இல்லை. ஆடு என்ன கேட்கிறது என்றே அதற்கு உண்மையில் புரியவில்லை.

ஓணான் முத்திரையோடு வந்தார். ஆட்டின் குளம்படியில் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. மேற்கொண்டு எண்ண விதியில் இடமில்லை என்பதால் அதோடு நிறுத்திக்கொண்டு முத்திரை குத்தினார். “அடுத்து, கரையான்” என்றபடி சுவரோரம் நகர்ந்தார்.

கரையானின் பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது.

ஓணான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளும் நேரத்துக்குள், ஆடு தன்னிடமிருந்த ஏழில் மூன்றைப் பின்னங்காலால் உதைத்துத் தள்ளியது. மூன்று சீட்டும் வழுக்கிக்கொண்டு போய்ச் சரியாக இருளப்பனின் முகத்துக்கு முன்னால் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றன. தப்பித்தோம் என்று ஆடு மூச்சு விட்டது.

ஓணான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். “எங்கே, எண்ணலாமா?”

இருளப்பன் தன் முன்னால் மூன்று சீட்டு ஒட்டியிருப்பதைப் பார்த்தது. அலுவலர் வந்து நிற்கும் நேரத்தில், தான் துடைத்து வைத்த இடத்தில், மூன்று குப்பை! அதற்கு வெட்கமாகப் போய்விட்டது. சீட்டைக் கண்டால் கடிப்பது அதன் பிறவி. கண்ணிமைக்கும் நேரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று கடித்து உதிர்த்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தது.

“சுத்தமா முடிச்சிட்டேன் சார்” என்றது.

“அண்ணே!” என்று ஆடு அலறியது.

ஓணான் காலி இடத்தை நன்றாகப் பார்த்தார். ‘மாதிரி இல்லை’ என்று எழுதினார்.

நண்டு சூசை ஓடிவந்து, தன் இடுக்கியை விடுவித்ததே இருளப்பன்தான், தானே சாட்சி என்றது. சாட்சிக்குத் தனிப் படிவம் இருந்தது. தீர்ந்துபோயிருந்தது. வெட்டுக்கிளிகளைக் கூப்பிடலாம் என்றால் அவை எல்லாம் வெளியே புல் நறுக்கிக்கொண்டிருந்தன. சீட்டை இழந்து வெளியே போனவர்கள் உள்ளே வந்து சாட்சி சொல்ல அந்த வாசலில் வழி கிடையாது.

“மன்னிச்சு விட்டுருங்க சார்” என்று ஆடு அழுதது. ஓணான் தலையாட்டினார். இந்த முறை ஆடு ஏமாறவில்லை. அதனால் இன்னும் அதிகமாக அழுதது.

இருளப்பனைச் சுவரிலிருந்து உருவி எடுத்தார்கள். எண்ணெயை விட்டு வந்ததும் அதன் உடம்பு சுருள ஆரம்பித்தது. வாயில் அடக்கியிருந்த தண்ணீர் வழிந்துவிட்டதால், அது தெளிவாகப் பேசியது. உரலுக்குள் தள்ளுமுன் திரும்பி, “செல்லக்கிளி, வடக்கு மூலையில ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. நான் பார்க்காம விட்டுட்டேன். எட்டினா எடுத்துரு” என்றது. ஆட்டுக்கு அவ்வளவு நல்ல அண்ணன் வேறு யாரும் இருந்ததில்லை.

உலக்கைச் சத்தம் கொஞ்ச நேரம்தான் கேட்டது. கரையானைச் செய்யும் குறிப்பு இருந்த பக்கத்தை ஓணான் புத்தகத்தில் மடித்து, மேலே முத்திரை குத்தினார். உதிர்ந்த மணிகள் நல்ல மணிகளாக இருந்தன. அவற்றைக் கோத்து, இரண்டு உதவி ஓணான்களைச் செய்தார்கள்.

செல்லக்கிளிக்கு ‘முதுநிலைச் சீட்டு மேலாண்மை அலுவலர்’ என்று பதவி உயர்வு வந்தது. ஆழத்தில் சிக்கும் சீட்டுகளைக் கடிக்க ஆளில்லாததால் சுவரில் எப்போதும் போதுமான குப்பை இருந்தது. அது எட்டுகிற வரையில் தின்றது. மீதியை ஒவ்வொரு ஆய்வின்போதும் மூன்று ஓணான்களும் வந்து ஆனந்தமாக எண்ணிப் பார்த்தார்கள். வாசல் பாதி திறந்தது. ஊர் பாதி வயிறு சாப்பிட்டது. இருபது நிமிஷம் கழித்து அந்த ஊர் வழக்கம்போல இரண்டாகப் பிரிந்தபோது, சுவரும் பசியும் பாதிப் பாதியாகப் போயின. அலுவலகம் மட்டும் இரண்டு பக்கத்திலும் முழுசாகவே அமைந்தது.

ஒரு சமயம் நண்டு சூசை கேட்டது: “ஏ செல்லக்கிளி, உன் குளம்புகிட்ட ரொம்ப காலமா ஒரு நாலு சீட்டு கெடக்கே. அதுல ரெண்டு வந்து என் இடுக்கியில குத்துது. உன்னால திங்க முடியாதா?”

“முடியும்ணே.”

“பின்ன ஏன் வச்சிருக்க?”

ஆடு சுற்றுமுற்றும் பார்த்தது. கொஞ்சம் தள்ளி இரண்டு உதவி ஓணான்களும் தலையாட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவர், கையிலிருந்த படிவத்தின் ஓரத்தை, தன்னையறியாமல் கடித்துக்கொண்டிருந்தார். ஆடு சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“இதுக இருக்கிற வரைக்கும்தான் நான் இருப்பேன்” என்று சொல்லிவிட்டு, நான்கு சீட்டையும் பார்வைக்கு நன்றாகத் தெரியும்படி தள்ளி வைத்தது.

நீதி: குழந்தைகளே, எந்த வேலையையும் சுத்தமாகச் செய்து முடித்துவிடாதீர்கள், அலுவலர் குனிந்து எண்ணிப் பார்க்க மூன்று குப்பையாவது மிச்சம் வையுங்கள்.